பல் டாக்டர் பிரித்த என்ஜின்

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நாற்காலியில் சாய்ந்தார், வாயைத் திறந்தார், டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். அந்த அம்மாள் கண்ணாடியோடு சேர்த்து வாயை மூடிக்கொண்டார். வகுப்பறையில் எத்தனையோ திருட்டு முழிகளைப் பார்த்த கண்கள் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தன. கண்ணாடியை வெளியே எடுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"பெட்ரோல் நாத்தம் அடிக்குது டாக்டர்."

புது மருந்து என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். பின்னால் நின்ற நர்ஸம்மா இருமினார். சளி பிடித்தவர் இருமுகிற இருமல் இல்லை அது.

நடந்தது இதுதான். கருவிகளைத் தண்ணீரில் போட்டு அதிர வைத்துச் சுத்தம் செய்ய அங்கே ஒரு சின்னத் தொட்டி உண்டு. பல்லிடுக்கில் நுழைந்து வந்த ஊசி, கொக்கி எல்லாவற்றையும் அதில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் உதிர்ந்துவிடும். முந்தின நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து டாக்டர் அதில் ஒரு கார்புரேட்டரைப் போட்டார். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த ஒரு காரில், என்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற பாகம் அது. உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் காய்ந்து, மஞ்சளாகி, பிசினாகி, நாள்பட்ட சளி போல ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டி அதை அருமையாகக் கழற்றியது. கழன்ற சளி தொட்டியிலேயே தங்கிவிட்டது. டாக்டர் தொட்டியைக் கழுவினார், மறுபடி கழுவினார், கருவிகளை நீராவியில் வேக வைத்தார். நீராவிக்குக் கிருமி சாகும். நாற்றம் சாகாது.

அன்றைக்கே அந்தத் தொட்டி குப்பைக்குப் போனது. புதுத் தொட்டி வந்ததும் நர்ஸம்மா அதன் மூடியில் 'பல்லுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். எழுதும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கார் மாமனாருடையது. வெள்ளைக்காரன் நாட்டில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், அதுவும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளத் தெரிந்தவர்களாக இருந்தால். தலைக்கு மேலே ஒரு துணிக் கூரை, அதில் வானம் தெரிகிற அளவுக்கு ஓட்டை. மாமியார் காலமான பிறகு முழங்கால் ஆபரேஷனுக்காக மாமனார் மகள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி, ஒரு ஊன்றுகோல், பின்னாலேயே லாரியில் இந்தக் கார். முழங்கால் சரியானதும் போய்விடுவார் என்று பேச்சு. முழங்காலும் சரியாகவில்லை, அவரும் போகவில்லை. டாக்டரின் சொந்த வண்டி தெருவில் நின்று வெயிலில் வெளுக்க, ஷெட்டுக்குள் இது நின்று எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஓடற நிலைக்குக் கொண்டுவந்து குடுத்திருங்க அத்தான், வண்டியையும் எடுத்துக்கறேன், அப்பாவையும் கூட்டிக்கறேன்" என்று மைத்துனன் போனில் சொன்னான். முதலில் வண்டி, அப்புறம் அப்பா. டாக்டர் அந்த வரிசையை அப்போது கவனிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் அவருக்குக் குஷியாகத்தான் இருந்தது. ஷெட் காலியாகும், காலையில் குளியலறை காலியாகும், டிவி ரிமோட் கைக்குத் திரும்பி வரும். கடைவாய்ப் பல்லையே பிடுங்குகிற கைக்கு ஒரு போல்ட்டைப் பிடுங்கத் தெரியாதா என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

இறங்கிய அன்றே குமட்டியது.

பாதி ஆயுளை அடுத்தவர் வாய்க்குள் கழித்தவர் அவர். சீழ், சொத்தை, பல்லிடுக்கில் போன வாரத்துச் சாப்பாடு, எதற்கும் முகம் சுளிக்காதவர் என்று பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயர் ஷெட்டில் போயிற்று. காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்தால் எலிக்கூடு. சீட்டிலிருந்து உருவிய பஞ்சில் மெத்தை போட்டு, அதன் நடுவே காய்ந்து செருப்புத் தோலாகிவிட்ட ஒரு எலி, கால் மேல் கால் போட்ட மாதிரி படுத்திருந்தது. தண்ணீர் ஓட வேண்டிய வழியெல்லாம் துருச் சேறு. அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியபோது எண்ணெய் வடியவில்லை. இறங்கியது. கறுப்பாக, கொழகொழவென்று, அவசரமே இல்லாத ஒரு ஆள் மாடிப்படி இறங்குவது போல இறங்கி, கீழே வைத்த பாத்திரத்தை விட்டுவிட்டு டாக்டரின் சட்டைக் கைக்குள் நுழைந்து அக்குள் வரை போனது. அவர் வண்டிக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்து செடிகளுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தார். நிமிர்ந்தபோது முகத்துக்கு நேரே ஒரு செம்பு தண்ணீர் நீட்டப்பட்டிருந்தது. நீட்டியவர் மாமனார். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி டாக்டருக்குத் தனி சோப்பு, தனித் துண்டு, தனி டம்ளர் கொடுத்துவிட்டாள். ஒருநாள் அவர் அவளுடைய நல்ல வடிகட்டியில் எண்ணெயை வடிகட்டுவதைப் பார்த்த பிறகு பேச்சும் தனியாகிவிட்டது. "வீட்டுக்குள்ள வரும்போது அந்தக் கைய வெளியவே கழட்டி வெச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அழுக்கைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்பு அந்த என்ஜினில் கை வைத்தவர்கள் செய்திருந்த வேலைதான் டாக்டரின் வயிற்றைப் புரட்டியது. அரைகுறை வைத்தியன் அடைத்துவிட்ட பல்லைத் திறந்து பார்க்கும்போது வருகிற அதே அருவருப்பு. ஒரு போல்ட்டில் கிழிந்த பனியன் துணியைச் சுற்றி இறுக்கியிருந்தான் ஒருவன். இன்னொருவன் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வைக்க வேண்டிய இடத்தில் அட்டைப்பெட்டியை வெட்டி வைத்திருந்தான். என்ஜின் பக்கவாட்டு மூடியின் ஓரத்தில், எண்ணெய் கசிந்த இடத்தில், ஈய உருண்டை போல ஏதோ அப்பியிருந்தது. டாக்டர் சுரண்டி எடுத்து விரலில் உருட்டினார். முகர்ந்து பார்த்தார். எண்ணெய்க்கும் தூசிக்கும் அடியில் லேசாக ஒரு இனிப்பு வாசனை.

"மாமா, இது பபிள்கம். யாரோ வாயில மென்னு துப்பி இங்க ஒட்டியிருக்கான்" என்றார். "எவன் இந்த வேலையப் பாத்தான்?"

"யாராச்சும் இருக்கும்" என்றார் மாமனார்.

இதுதான் மாமனார். எதற்கும் பிடி கொடுக்காத மனிதர். சாப்பாடு எப்படி என்றால் "இருக்கு" என்பார். தூங்கினீர்களா என்றால் "அப்படித்தான் போச்சு" என்பார். பல் வலி என்று ஒருமுறை டாக்டரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பல்லாகத் தட்டி இதுவா, இதுவா என்று கேட்டதற்கு, கடைசிப் பல் வரைக்கும், "அதுன்னும் சொல்லலாம்" என்றார். எதைப் பிடுங்குவது என்று தெரியாமல் டாக்டர் வெறும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

கழற்றியதற்கெல்லாம் டாக்டர் எண் போட்டு வைத்தார். அந்த ஒழுங்கு மட்டும் அவரிடம் உண்டு. ஒரே வரிசையில் நாலு சிலிண்டர், நாலு ஸ்பார்க் பிளக், அதற்கு வருகிற நாலு ஒயர். பார்த்தால் நாலு முன்பற்கள் மாதிரியே இருந்தன. பல்லை ஓரத்திலிருந்து எண்ணுகிற வழக்கம் பல் டாக்டர்களுக்குக் கிடையாது. நடுக்கோட்டில் தொடங்கி ஓரத்துக்குப் போவார்கள், இந்தப் பாதி முடிந்ததும் திரும்ப நடுவுக்கு வந்து மறு பாதிக்குப் போவார்கள். கை அதன் போக்கில் வெள்ளை டேப்பில் எழுதி ஒயர்களில் ஒட்டியது. முன் பாதியில் நடுவில் இருந்தது ஒன்று, முன் ஓரத்தில் இருந்தது இரண்டு. பின் பாதியில் நடுவில் இருந்தது மூன்று, கடைசி ஓரம் நாலு. அழகாக ஒட்டிவிட்டு டாக்டர் ஒரு அடி தள்ளி நின்று ரசித்தார். எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் அந்த டேப்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். "ம்ம்" என்றார்.

அந்த நாற்காலி தினமும் ஷெட்டுக்கு வந்தது. மாலையில் நோயாளிகள் வரத் தொடங்கும் முன் கிடைக்கிற நேரத்தில் டாக்டர் வேலை செய்வார், மாமனார் உட்கார்ந்திருப்பார். பிஸ்டன் தலையில் படிந்த கரியை டாக்டர் பல் காரை சுரண்டும் கொக்கியால் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட வந்தது. மூக்கைச் சிந்தினால் கறுப்பு, காதைக் குடைந்தால் கறுப்பு. சிலிண்டரைக் கடைந்து கொண்டுவந்த லேத் பட்டறைக்காரர்கூட, "உள்ள என்னங்க, பொணம் எரிச்சாங்களா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் சீ, தூ என்றார். வெள்ளைக்காரனைத் திட்டினார், எலியைத் திட்டினார், அந்த பபிள்கம்காரனை அவன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் திட்டினார். மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டாக்டரின் டீயில் தூசி விழாமல் டம்ளரைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இடையில் மாமனாருக்குக் காய்ச்சல் வந்து சில நாள் அவர் ஷெட்டுக்கு வரவில்லை. டாக்டர் ஒரு துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டி, அதன் பரம்பரையைத் திட்டிவிட்டுத் திரும்பினார். வெறும் நாற்காலி. கேட்க ஆள் இல்லாத வசவு வாயிலேயே கசந்தது. அன்று வேலை ஓடவில்லை. டீயில் ஒரு பூச்சி செத்து மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்த என்ஜின் முடிந்தால் மாமனார் போய்விடுவார். தான் இத்தனை நாள் நாறிக்கொண்டு செய்த வேலை அதற்குத்தான்.

காய்ச்சல் விட்டு நாற்காலி திரும்பியதும் கேட்டுப் பார்த்தார். மச்சான் வீட்டுக்குப் போவதில் சம்மதம்தானே என்று கேட்டார். "அதுக்கென்ன" என்றார் மாமனார். இங்கேயே இருப்பதானாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்றார் டாக்டர். "அதுவும் சரிதான்" என்றார் மாமனார். சரி, உங்கள் மனதில் என்னதான் இருக்கிறது என்று சுற்றி வளைத்துக் கேட்டதற்கு, "உங்க எல்லாருக்கும் எது தோதோ அது" என்றார். டாக்டர் ஸ்பானரைத் தூக்கிப் போட்டார். அது எண்ணெய்ப் பாத்திரத்தில் விழுந்து அவர் முகத்திலேயே தெறித்தது.

மனைவியிடம் சொன்னார். அவளும் பல நாளாக அதையேதான் சுமந்துகொண்டிருந்தாள். "அவரு வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லட்டும், தம்பிகிட்ட நான் பேசிக்கறேன். அவரு சொல்லாம நானா எப்படிச் சொல்றது? அப்பாவ நான் புடிச்சு வெச்சிருக்கேம்பான்" என்றாள்.

என்ஜின் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு நாள் முழுசாகிவிட்டது. முதல் தடவை ஸ்டார்ட் செய்வதைப் பார்க்க மைத்துனன் கிளம்பி வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், அவன் வருவதற்கு முன்பே வந்து சேர்ந்த சென்ட் வாசனை. அத்தனை மாதம் அழுகல் பெட்ரோலில் ஊறிய டாக்டரின் மூக்கு, அந்த வாசனைக்குத்தான் முதன்முதலாக உண்மையிலேயே சுருங்கியது.

மைத்துனன் அப்பாவைப் பார்த்து "என்னப்பா" என்றான். வண்டியைச் சுற்றி வந்து வளைத்து வளைத்துப் படம் எடுத்தான். ஒரு படத்தில் மாமனாரின் ஊன்றுகோல் குறுக்கே வந்தது. அதை எடுத்துத் தள்ளி வைத்தான். பிறகு திட்டத்தைச் சொன்னான். அவனுடைய சோபா கட்டில் கடை வாசலில் வண்டியை நிறுத்தப் போகிறான். சும்மா நிறுத்தினால் பழைய இரும்பு. ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால்தான் நாலு பேர் கூடுவார்கள்.

"அப்பாவுக்கு ரூம்?" என்று மனைவி கேட்டாள்.

மாடியில் ஒன்று இருக்கிறதாம். மாடிப்படி ஏற முழங்கால் வேண்டுமே என்றாள். பகலில் ஏற வேண்டிய அவசியமே இல்லை என்றான் அவன். "கடையிலயே இருக்கட்டும்க்கா. வண்டி பக்கத்துலயே ஒரு நல்ல நாற்காலி போட்டு அப்பாவ உக்கார வெச்சிட்டா, வர்றவங்க ரெண்டு பேரையும் சேத்துப் படம் எடுத்துக்குவாங்க. பழைய வண்டி, பழைய ஓனரு. நல்லா எடுபடும்."

சிரித்தான். சீரான பற்கள். அந்தப் பற்களைக் கம்பி கட்டி வரிசைப்படுத்தியவர் டாக்டர்தான். கெட்டுப்போன எதற்கோ மூடியை மட்டும் பளபளவென்று துடைத்துக் கொடுத்துவிட்டோம் என்று தோன்றியது. எலிக்கூட்டைத் திறந்தபோதுகூட வராத ஒரு குமட்டல் அடிவயிற்றிலிருந்து ஏறியது. அந்த எலி பாவம், செத்ததோடு சரி, யாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் காட்டவில்லை.

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் அவரையே பார்த்தாள். அவர் டாக்டரின் டீ டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்.

டாக்டர் சாவியைத் திருப்பினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என்ஜின் முனகியது, இருமியது, ஒரு பக்கம் பற்றிக்கொண்டது, மறுபக்கம் பற்றவில்லை. குளிர்ஜுரம் வந்தவன் போல வண்டி முழுக்க உதறியது. மைத்துனன் போனை நீட்டிக்கொண்டு குனிந்து கிட்டே போனான். கார்புரேட்டர் தொண்டையைச் செருமி, படீரென்று ஒரு வாய் கரியை அவன் சட்டைமேல் காறித் துப்பியது. பிறகு என்ஜின் அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி உதறல், மறுபடி துப்பல், மறுபடி அமைதி.

மைத்துனன் கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினான். மனைவி சோப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கூடவே, இத்தனை மாதம் அத்தான் என்னதான் செய்தார் என்ற கேள்வியும் சன்னல் வழியாக வந்தது.

டாக்டர் பானெட்டுக்குள் தலையை விட்டார். இரண்டு சிலிண்டர் வேலை செய்கிறது, இரண்டு செய்யவில்லை. கையேட்டைப் பிரித்து ஒயர் படத்தைப் பார்த்தார். ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்ற வரிசையில் பொறி போக வேண்டும். அப்படித்தான் மாட்டியிருந்தார். அப்புறம்தான் படத்தின் மூலையில், முதல் சிலிண்டர் எது என்று காட்டிய அம்புக்குறி கண்ணில் பட்டது. அது முன் ஓரத்துச் சிலிண்டரைக் காட்டியது. கார் செய்தவன் ஓரத்திலிருந்து எண்ணியிருந்தான். டாக்டர் வாய்க்குள் எண்ணுகிற மாதிரி நடுவிலிருந்து எண்ணியிருந்தார். அவருடைய ஒன்று உண்மையில் இரண்டு. அவருடைய இரண்டு உண்மையில் ஒன்று. அந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருகினால் போதும்.

இத்தனை படித்து இப்படி ஒரு முட்டாள்தனம் என்று தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கியவர், தூக்கிய கையோடு நின்றார். அந்த வெள்ளை டேப்புக்கு நேர் எதிரேதான் நாற்காலி இருந்தது. முதல் நாளிலிருந்து அங்கேதான் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் இந்த வண்டியை இளமையிலிருந்து ஓட்டியவர். எந்த ஒயர் எங்கே போகும் என்று அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

டாக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"மாமா, இந்த நம்பர் தப்புன்னு உங்களுக்குத் தெரியும். ஒட்டுன அன்னிக்கே தெரியும்."

மாமனார் ஊன்றுகோலின் பிடியைத் துணியால் துடைத்தார். பிடி சுத்தமாகத்தான் இருந்தது.

"அந்த பபிள்கம் நான் ஒட்டுனது" என்றார்.

"அத நான் கேக்கல."

"வழியில எண்ணெ ஒழுக ஆரம்பிச்சிருச்சு. என்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்க மாமியார்தான் வாயில இருந்ததை எடுத்துக் குடுத்தா. வீடு வரைக்கும் தாங்குச்சு. அப்புறம் மாத்தத் தோணல."

டாக்டரின் விரல்கள் தாமாகவே பேண்ட்டில் துடைத்துக்கொண்டன. துடைத்ததற்கு உடனே வெட்கமாக இருந்தது. எத்தனை தலைமுறையைத் திட்டினோம் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. பாட்டன் முப்பாட்டன் எல்லாம் மனைவி வழி உறவு.

ஆனால் இதுவும் ஒரு நழுவல்தான். சின்ன உண்மையை நீட்டிப் பெரிய உண்மையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு, எந்தப் பல் என்று மட்டும் சொல்லாமல் இருந்த அதே மனிதர். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எந்த நோயாளிக்கு முன்னாலும் உட்காருகிற மாதிரி, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு ஒயர மாத்திச் செருகினா வண்டி ஓடும். ஓடுனா அவன் உங்களக் கூட்டிட்டுப் போயிருவான். நான் மாத்தவா, வேணாமா?"

மாமனாரின் உதடு பழக்கத்தில் குவிந்தது. 'பாப்போம்' என்பதன் முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. டாக்டர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வாயைப் பார்த்தவர், ஒரு வாய்க்காக இப்படி ஏங்கியதில்லை.

உள்ளே குழாய் நின்றது. மைத்துனனின் புலம்பலும் நின்றது. சன்னலுக்கு அந்தப் பக்கம் கேட்கிறது என்று தெரிந்தும் மாமனார் குரலைத் தணிக்கவில்லை.

"மாத்தாதீங்க மாப்பிள்ளை. எனக்கு அங்க போகப் புடிக்கல. நான் இங்கதான் இருக்கணும்."